வேர்த்து விட்டா மலேரியா போயிடாது: உடம்பு என்ன பண்ணுது, நாம எங்க கை குடுக்கணும்

ஏப்ரல் 15 நம்ம பக்கம் மீன்பிடி தடைக்காலம் ஆரம்பிச்சதும் தங்கச்சி வீட்டுக்காரர் மங்களூருக்கு மீன்பிடி போட்டுல வேலைக்குப் போயிட்டாரு. அந்தப் பக்கம் ஜூன் 1 தடை வந்ததும் பைய தூக்கிட்டு கடலூர் தேவனாம்பட்டினம் திரும்பிட்டாரு. ஜூன் 7 மத்தியானம் குளிர் காய்ச்சல், பக்கத்துல ஒரு கிளினிக்ல ஊசி போட்டு மாத்திரை குடுத்தாங்க, ரத்த டெஸ்ட் எதுவும் எழுதல, சாயங்காலம் சரியாயிடுச்சு. 8ஆம் தேதி நல்லா எழுந்து மீன் வாங்கப் போனாரு. 9ஆம் தேதி அதே மத்தியானம் அதே குளிர், மூணு போர்வை போட்டும் கட்டில் கடகடன்னு ஆடுது, தங்கச்சி அழுதுகிட்டே எனக்கு போன் பண்ணுச்சு.

நான் மஞ்சக்குப்பத்துல ஒரு லேப்ல டெக்னீசியன். வேலை முடிச்சு பைக்ல போய்ச் சேர்றதுக்குள்ள இருட்டிடுச்சு, போனா ஆளு பனியன் தொப்பலா நனைஞ்சு, முகம் தெளிஞ்சு, கஞ்சியும் துவையலும் சாப்ட்டுகிட்டு இருக்காரு. "ஒண்ணும் இல்ல மச்சான், வேர்த்து விட்டுடுச்சு, உடம்பே பாத்துக்கிச்சு" ங்கறாரு.

உடம்பே பாத்துக்கிச்சு. இத கேக்காத வாரமே இல்ல எனக்கு. அதுல ஒரு பாதி சத்தியமான உண்மை, இன்னொரு பாதி ஆளையே காலி பண்ணிடும், எது எந்தப் பாதின்னு தெரிஞ்சுக்கறதுக்குத்தான் இத எழுதறேன். ஒண்ணு மட்டும் மொதல்லயே சொல்லிடறேன், நான் டாக்டர் இல்ல, ஸ்லைடு பாக்குறவன், மருந்து எத்தனை மில்லிகிராம்னு என்கிட்ட கேக்காதீங்க.

தெரு நாயும் வாட்ச்மேனும்

நம்ம உடம்புல எதிர்ப்பு சக்தி ரெண்டு விதம். ஒண்ணு வாட்ச்மேன் மாதிரி, யார் வந்தான்னு போட்டோ பாத்து ஞாபகம் வெச்சுக்கும், அடுத்த தடவ அதே ஆளு வந்தா கேட்லயே புடிச்சிடும், ஆனா கத்துக்கறதுக்கு நாள் ஆகும். ஆன்டிபாடின்னு சொல்றோமே அது இந்த ரகம். இன்னொண்ணு தெரு நாய் மாதிரி. பேரும் ஊரும் கேக்காது, இந்தத் தெரு வாடை இல்லாதவன் யார் வந்தாலும் அந்த நிமிஷமே குரைக்கும், பாயும். பொறக்கும்போதே கூட வர்றது இது, யாரும் கத்துக்குடுக்க வேணாம்.

இத மொதல்ல கண்ணால பாத்த ஆளு மெச்னிகாஃப்னு ஒரு ரஷ்யாக்காரர், 1882ல இத்தாலியில மெசினாங்கற கடலோர ஊர்ல. நம்ம வலையில கூட சிக்குமே நட்சத்திர மீன், அதோட குஞ்சு கண்ணாடி மாதிரி இருக்கும், அதுக்குள்ள ஒரு முள்ள குத்தி வெச்சுட்டு மறுநாள் மைக்ராஸ்கோப்ல பாத்திருக்காரு, முள்ள சுத்தி செல்லுங்க மொய்ச்சுகிட்டு அத திங்கப் பாக்குது. 1908ல நோபல் பரிசு குடுத்தாங்க. நம்ம ஆளுங்க கரையில தூக்கிப் போடற பொருள்ல ஒருத்தர் நோபல் வாங்கிட்டாரு, என்னத்த சொல்ல.

இப்ப இது எதுக்கு முக்கியம்னா, கடலூர் பாண்டி பக்கம் மலேரியா இப்ப ரொம்ப கொறஞ்சு போச்சு, நல்ல விஷயம்தான், ஆனா அதனாலயே நம்ம உடம்புல இருக்குற வாட்ச்மேனுக்கு இந்தக் கிருமியோட போட்டோவே தெரியாது. ஆப்பிரிக்கால வருஷா வருஷம் மலேரியா வந்து வந்து பழகின பெரியவங்களுக்கு ஓரளவு தாங்கற சக்தி வந்திருக்கும். நமக்கு அது கெடையாது. வெளியூர் போயி கடி வாங்கிட்டு வந்தா மொதல்ல சண்டை போடறது பெரும்பாலும் தெரு நாய்ங்கதான்.

காலண்டர எடுங்க

மொத வேலை மாத்திரை தேடறது இல்ல, தேதி எண்றது. அனாபிலிஸ் பொண்ணு கொசு ராத்திரில கடிக்கும்போது எச்சிலோட சேத்து சில பத்து கிருமிங்கள தோலுக்குள்ள விட்டுட்டுப் போவும், அவ்ளோதான், கோடி கணக்குல எல்லாம் இல்ல. தோல்லயே நாய்ங்க வந்துடும், ஒரு பங்கு கிருமி அங்கயே தேங்கி செத்துப்போவும், ஒரு பங்கு வழி தவறி நெறி கட்டற எடத்துக்குப் போயி அழியும். மிச்சம் இருக்குறது ரத்தத்துல நீந்தி கல்லீரலுக்குப் போயிடும். கல்லீரல் வாசல்ல குஃபர் செல்லுன்னு பெரிய தின்னி செல்லுங்க காவல் இருக்கு, வர்ற போற குப்பையெல்லாம் முழுங்கறது அதுங்க வேலை, இந்தக் கிருமி என்ன பண்ணும்னா அந்தக் காவல்காரனையே துளைச்சுகிட்டு அது வழியாவே உள்ள பூந்துடும். இத மொத தடவ படிச்சப்போ எனக்கு சிரிப்பு வந்துச்சு, அப்புறம் பயம் வந்துச்சு.

உள்ள போயி ஒரு கல்லீரல் செல்லுல உக்காந்து ஒண்ணு ஆயிரக்கணக்கா பெருகும். அந்த செல்லு சும்மா இருக்காது, எனக்குள்ள யாரோ இருக்கான்னு மோப்பம் புடிச்சு இன்டர்ஃபெரான்னு ஒரு சரக்க வெளிய விடும், அந்த வாடைக்கு வேட்டை செல்லுங்க வந்து சில வீட்டையே அடிச்சு ஒடைக்கும். ஆனா எல்லாத்தையும் புடிக்க முடியாது. ஒரே ஒரு செல்லு தப்பிச்சா கூட அதுல இருந்தே ரத்தத்துக்கு ஆயிரக்கணக்குல எறங்கிடும், இந்தக் கணக்குதான் நம்மள தோக்கடிக்குது.

இவ்ளோ நடக்கறப்ப உங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. காய்ச்சல் இல்ல, வலி இல்ல. கடிச்சதுல இருந்து காய்ச்சல் வர பெரும்பாலும் 10ல இருந்து 15 நாள் ஆவும். அதனாலதான் ஊர் திரும்பி நாலு நாள்ல காய்ச்சல் வந்தாலும் நேத்து கடற்கரையில கடிச்ச கொசுவ திட்டாதீங்க, ரெண்டு வாரம் பின்னாடி எண்ணுங்க. மாப்ளைக்கு ஜூன் 7ல இருந்து எண்ணுனா மே 23, 28, அப்ப அவர் மங்களூர் துறைமுகத்துல போட்டு மேல்தட்டுல கொசுவலை இல்லாம படுத்திருந்தவரு. டாக்டர்கிட்ட மொத வார்த்தையே இதுதான் சொல்லணும், நான் இந்த தேதியில இந்த ஊர்ல இருந்தேன்னு. நாம போயி "தலைவலி சார், உடம்பு வலி சார்" னு ஆரம்பிச்சா அவங்க எழுதற சீட்டே வேற.

குளிர், சூடு, வேர்வை

கல்லீரல்ல இருந்து எறங்கின கிருமி சிவப்பணுக்குள்ள பூந்துக்கும். வெளிய கெடக்கறது ஒண்ணு ரெண்டு நிமிஷம்தான், அதுக்குள்ள ஒரு சிவப்பணுவ புடிச்சு உள்ள போயி கதவ சாத்திக்கும். சிவப்பணு ஒரு பாவப்பட்ட செல்லு, அதுக்கு கருவும் கெடையாது, மத்த செல்லு மாதிரி "எனக்குள்ள திருடன் இருக்கான்" னு வெளிய கொடி காட்டற வசதியும் கெடையாது. ஜன்னல் இல்லாத வீடு. உள்ள உக்காந்து ஹீமோகுளோபின தின்னு தின்னு 48 மணி நேரத்துல ஒண்ணு பத்து இருபதா ஆயிடும், அப்புறம் வீட்ட ஒடைச்சுகிட்டு மொத்தமா வெளிய வரும்.

அந்த ஒடையற நேரம்தான் மாப்ளைக்கு கட்டில் ஆடுன நேரம். ஏன்னா அப்பதான் குப்பையெல்லாம் ரத்தத்துல கொட்டுது. கிருமியோட தோல் மேல இருந்த கொழுப்புச் சர்க்கரைத் துண்டு, அதோட டிஎன்ஏ, அப்புறம் ஹீமோசோயின்னு ஒரு பழுப்புப் பொடி. நம்ம வெள்ளை அணுங்க மேல டோல் மாதிரி ரிசப்டர்னு மூக்குங்க இருக்கு, அதுல வேற வேற மூக்கு வேற வேற வாடைய புடிக்கும். அந்த "டோல்" பழ ஈயோட ஒரு ஜீன்ல இருந்து வந்த பேரு, எதிர்ப்பு சக்தி ஆராய்ச்சில இந்த மூக்க கண்டுபுடிச்சதுக்கு 2011ல பாய்ட்லருக்கும் ஹாஃப்மனுக்கும் நோபல் குடுத்தாங்க. மூக்குல ஏறின ஒடனே வெள்ளை அணு டிஎன்எஃப், இன்டர்லூகின்னு அலாரம் சரக்க ரத்தத்துல கலந்து விடும், அது மூளையில இருக்குற தெர்மோஸ்டாட்ட 37ல இருந்து 40க்கு திருப்பி வெக்கும். இப்ப உடம்பு 37ல இருக்கு, மூளை 40 கேக்குது, அதனால நமக்கு குளுருது, தசையெல்லாம் ஆடி ஆடி சூடு உண்டு பண்ணுது. 40 வந்ததும் குளிர் போயி உடம்பு அடுப்பு மாதிரி கொதிக்கும், சில மணி நேரம். அலாரம் ஓய்ஞ்சதும் தெர்மோஸ்டாட் எறங்கும், வேர்த்துக் கொட்டும். பெரியவங்க முறைக்காய்ச்சல்னு சொன்னது இதத்தான்.

அப்ப காய்ச்சலே கிருமி பண்றது இல்ல, நம்ம ஆளுங்க பண்றது. சும்மாவும் பண்ணல, அந்தச் சூட்டுல வளந்த கிருமிங்களுக்கு ஆவாதுன்னு லேப்ல வளத்துப் பாத்து சொல்லியிருக்காங்க, வெடிச்சு செதறினதுல நெறைய தின்னி செல்லு வாயிலயும் போயிடும். இதுதான் மாப்ள சொன்னதுல இருக்குற உண்மையான பாதி.

பொய்யான பாதி எதுன்னா, வேர்த்து விட்டது கிருமி செத்ததால இல்ல. தப்பிச்சது எல்லாம் புது சிவப்பணுக்குள்ள பூந்து கதவ சாத்திடுச்சு, தெருவுல யாரும் இல்ல, நாய் குரைப்ப நிறுத்திடுச்சு, அவ்ளோதான். 8ஆம் தேதி மாப்ள மீன் மார்க்கெட்ல பேரம் பேசிட்டு இருந்தப்ப உள்ள அது தின்னுகிட்டு இருந்துச்சு.

அதனால ஒரு நோட்டுல, இல்ல கை போன்லயே, குளிர் எத்தனை மணிக்கு வந்துச்சு, எப்ப வேர்த்துச்சு, மறுநாள் எப்படி இருந்துச்சுன்னு எழுதி வைங்க. ஒரு நாள் விட்டு ஒரு நாள்னா சந்தேகம் பலமாவுது. ஆனா ஆரம்பத்துல எல்லா கிருமியும் ஒரே நேரத்துல ஒடையாது, தெனமும் கூட காய்ச்சல் வரும், முறை வரலையே அப்ப மலேரியா இல்லன்னு நீங்களா முடிவு பண்ணிடாதீங்க. பாராசிட்டமால் போடலாமான்னா போடலாம், அது தெர்மோஸ்டாட்ட மட்டும் எறக்கும், கிருமிய தொடாது, அந்த வித்தியாசம் ஞாபகம் இருந்தா போதும்.

அப்புறம் டெஸ்ட். காய்ச்சல் அடிக்கும்போது வந்தாலும் சரி, விட்ட அப்புறம் வந்தாலும் சரி, வாங்க. "இப்ப காய்ச்சல் இல்லையே, அடுத்து வந்தா வரேன்" னு சொல்றவங்களத்தான் நான் கெஞ்சிக் கூட்டிட்டு வர வேண்டியிருக்கு. மாப்ளையையும் அன்னிக்கு ராத்திரியே விரல்ல குத்தினேன், "காய்ச்சல் இல்லாத ஆளுக்கு எதுக்கு மச்சான் ஊசி" ன்னு கைய இழுக்கறாரு, தங்கச்சிதான் மணிக்கட்ட அழுத்திப் புடிச்சுகிச்சு.

கண்ணாடியில பாத்தது

இத கொஞ்சம் விவரமா சொல்றேன், எங்க பொழப்பு இது. ஒரே கண்ணாடில ரெண்டு எடத்துல ரத்தம் வெப்போம். ஒண்ணு தடிசா ஒரு பொட்டு, இன்னொண்ணு இன்னொரு கண்ணாடி ஓரத்தால இழுத்து நாக்கு மாதிரி மெலிசா தேய்க்கிறது. தடிப்பொட்டு கிருமி இருக்கா இல்லையான்னு தேட, மெலிசு என்ன ஜாதின்னு பாக்க. காய வெச்சு சாயம் போட்டு, எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, நூறு மடங்கு லென்ஸ எறக்கி ஒவ்வொரு வட்டமா நகர்த்திகிட்டே போவோம், 100 வட்டமாவது பாக்காம இல்லன்னு எழுதக்கூடாது.

மாப்ள ஸ்லைடுல ஏழாவது எட்டாவது வட்டத்துலயே சிக்கிடுச்சு. பெருத்துப் போன ஒரு சிவப்பணு, உள்ள கோணல் மாணலா நீல நிறத்துல ஒரு உருவம், ஓரத்துல செவப்பா ஒரு புள்ளி, அணு முழுக்க பொடிப்பொடியா ரோஸ் புள்ளி. வைவாக்ஸ்ங்கற மலேரியா ஜாதி. அத குறிச்சு வெச்சுட்டு இன்னும் நகர்த்துறப்ப ஒரு மோனோசைட் வந்துச்சு, பெரிய வெள்ளை அணு, அதோட வயித்துல மூக்குப்பொடி சிந்துன மாதிரி பழுப்புத் துகள். எத்தனை வருஷம் ஆனாலும் அத பாக்கறப்ப கை நின்னுடும் எனக்கு. அந்தப் பொடிதான் ஹீமோசோயின். கிருமி ஹீமோகுளோபின தின்னுட்டு மிச்சம் வர்ற ஹீம்ங்கற விஷத்த தனக்கே ஆவாம போயிடாம இப்படி பொடியா கட்டி வெச்சுக்கும். மலேரியாவுக்குக் குடுக்கற குளோரோகுயின் மாத்திரை அந்தப் பொடி கட்டறத தடுத்துதான் கிருமிய அதோட விஷத்துலயே கொல்லுது. இங்க மோனோசைட் வயித்துல அந்தப் பொடி இருக்குன்னா, இது ஏற்கனவே கிருமிய தின்னுருக்குன்னு அர்த்தம். மாப்ளையோட தெரு நாய் வாயில எலும்போட நிக்குது, அதே கண்ணாடில நாலு வட்டம் தள்ளி திருடனும் உக்காந்திருக்கான்.

ஒரு நெகட்டிவ் ரிப்போர்ட்ட வெச்சுகிட்டு நிம்மதியா தூங்காதீங்க. கண்ணுக்கு தட்டுப்படணும்னா ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்துல 50, 100 கிருமியாவது இருக்கணும், உங்க உடம்பு நல்லா சண்டை போட்டு அதுக்கு கீழ அமுக்கி வெச்சிருந்தா எங்களுக்குத் தெரியாமப் போவும். சந்தேகம் இருந்தா 12 மணி நேரம், 24 மணி நேரம் விட்டு மறுபடி எடுக்கணும், மூணு தடவ வரைக்கும். கர்ப்பம் டெஸ்ட் மாதிரி கோடு விழற கிட்டும் இருக்கு, கால் மணி நேரத்துல சொல்லிடும். ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் ஜிஹெச்லயும் மலேரியா டெஸ்டும் மருந்தும் காசு இல்லாமதான்.

எடது வெலாவுக்கு கீழ

பாட்டி காலத்துல ரொம்ப நாள் காய்ச்சல்ல கெடந்தவங்களுக்கு எடது பக்கம் வெலாவுக்கு கீழ கெட்டியா தட்டுப்பட்டா காய்ச்சக்கட்டின்னு சொல்லுவாங்க. அது கட்டி இல்ல, வீங்கின மண்ணீரல். ரத்தம் எல்லாம் மண்ணீரலுக்குள்ள வந்து ஒரு சந்துல நொழைஞ்சு வெளிய போவணும், தேர் போற வீதி இல்ல அது, ஆளு ஒருக்களிச்சுப் போற சந்து. சிவப்பணு 7, 8 மைக்ரான் அகலம், சந்து ஒரு மைக்ரான் கணக்குல இருக்கும், நல்ல அணு மடிஞ்சு நெளிஞ்சு போயிடும், உள்ள கிருமி வெச்சிருக்குறது மாட்டும், மாட்டினத பக்கத்துல உக்காந்திருக்குற தின்னி செல்லுங்க எடுத்து வாயில போட்டுக்கும். ரத்தத்துல இருக்குற கிருமிய வடிகட்டறதுல இத விட பெரிய ஆளு நம்ம உடம்புல இல்ல.

ஃபால்சிபாரம்னு இன்னொரு ஜாதி, அதுக்கு இந்தச் சந்து மேல அவ்ளோ பயம். தான் இருக்குற சிவப்பணுவோட தோல் மேல பசை மாதிரி ஒரு புரதத்த நீட்டி ரத்தக் குழாய் செவுத்துல ஒட்டிக்கும், மண்ணீரல் பக்கமே வராது. மூளைல இருக்குற சின்னக் குழாய்ல ஒட்டிகிட்டு அடைச்சா மூளை மலேரியா, உசுருக்கே ஆபத்து. வைவாக்ஸ் அப்படி பெருசா ஒட்டாது, ஆனா அதுவும் லேசுப்பட்டது இல்ல, இந்தோனேசியாவோட பாப்புவால மண்ணீரல் எடுத்தவங்கள வெச்சு பாத்து 2021ல எழுதியிருக்காங்க, ரத்தத்துல இருக்குறத விட பல மடங்கு உசுரோட மண்ணீரலுக்குள்ளயே பதுங்கியிருக்காம். போலீஸ் ஸ்டேஷன்லயே திருடன் குடித்தனம்.

நீங்க பண்ண வேண்டியது ரெண்டு. மலேரியா இருக்குறப்ப எடது வெலா பக்கம் வலின்னா யாரையும் அழுத்தி நீவ விடாதீங்க, எண்ணெய் போட்டு உருவி விடறேன்னு நம்ம வீட்டுல கெளம்புவாங்க, வீங்கின மண்ணீரல் கிழிஞ்சா ஆபரேஷன் வரைக்கும் போவும். ஆக்சிடென்ட்லயோ வேற எதுக்கோ மண்ணீரல் எடுத்தவங்க இருந்தா, அவங்களுக்கு காய்ச்சல்னா ஒரு நாள் கூட வீட்டுல வெச்சுப் பாக்காதீங்க.

பிளேட்லெட்டும் பப்பாளி இலையும்

மாப்ளையோட சிபிசில, அதாவது ரத்த அணுக்கள எண்ற டெஸ்ட்ல, பிளேட்லெட் 82,000. ரிப்போர்ட்ட பாத்ததும் பக்கத்து வீட்டு அக்கா பப்பாளி இலைய பறிச்சுகிட்டு வந்துட்டாங்க, டெங்குன்னு முடிவே பண்ணிட்டாங்க. மலேரியாலயும் பிளேட்லெட் நல்லாவே எறங்கும். அதுவும் சண்டைல ஒரு ஆளு, கிருமி இருக்குற சிவப்பணு மேல போயி ஒட்டிகிட்டு உள்ள இருக்குறத கொல்லுதுன்னு கண்டுபுடிச்சிருக்காங்க, செலவாவுது, கொறையுது. பிளேட்லெட் கொறஞ்சா டெங்குக்கு எடுக்கறப்பவே மலேரியாவுக்கும் எடுக்கச் சொல்லி கேளுங்க, ரெண்டுக்கும் வைத்தியம் வேற.

இம்யூனிட்டி பூஸ்டர்னு டப்பா விக்கிறவங்க பத்தி ஒண்ணு சொல்லணும். மலேரியாவுல நாய் குரைக்காதது பிரச்சனை இல்ல, ரொம்ப கடிக்கறதுதான் பல நேரம் பிரச்சனை. டிஎன்எஃப் அளவு மீறினா ரத்தக் குழாய் செவுரு இன்னும் பசையாவுது, கிருமி இன்னும் நல்லா ஒட்டுது, நல்ல சிவப்பணுவையும் சேத்து மண்ணீரல் முழுங்குது, ரத்தம் எறங்குது. அப்ப இத பூஸ்ட் பண்ணி என்ன பண்ணப் போறீங்க? நிலவேம்பு குடிக்கறவங்க குடிங்க, நான் வேணாம்னு சொல்லல, எங்க வீட்டுலயும் காச்சுவாங்க. மலேரியா மாத்திரைக்கு பதிலா குடிக்காதீங்க.

உண்மையிலயே பொறவியிலயே பூஸ்ட் ஆனவங்க இருக்காங்க, அது வேற கதை. மேற்கு ஆப்பிரிக்கால நெறைய பேருக்கு சிவப்பணு மேல டஃபிங்கற ஒரு பிடிமானம் இருக்காது, வைவாக்ஸ் அதப் புடிச்சுத்தான் உள்ள ஏறும், அதனால அவங்களுக்கு அது பெரும்பாலும் வர்றதே இல்ல. அரிவாள் செல் ஜீன் ஒண்ணு மட்டும் இருக்குறவங்களுக்கு ஃபால்சிபாரம் பெரும்பாலும் முத்தாது, நம்ம நீலகிரி பழங்குடி மக்கள்கிட்ட அந்த ஜீன் இருக்குன்னு 1952லயே எழுதியிருக்காங்க. நமக்கு கடலூர்ல அந்த மாதிரி லக் எதுவும் இல்ல.

ஓட வேண்டிய நேரம் எதுன்னா, ஆளு கொழப்பமா பேசறது, ஃபிட்ஸ், மூச்சு வாங்கறது, ஒண்ணுக்கு கருப்பா போறது இல்ல போகவே மாட்டேங்கறது, கண்ணு மஞ்சளாவறது, குடிச்ச தண்ணி கூட நிக்காம வாந்தி. இதுல ஒண்ணு இருந்தாலும் கிளினிக் இல்ல, நேரா பெரிய ஆஸ்பத்திரி. கர்ப்பமா இருக்குறவங்க, சின்னப் புள்ளைங்கன்னா இது வர்றதுக்குள்ளயே போயிடுங்க.

நாய்க்கு வாடையே வராத எடம்

கடைசி விஷயம், இதுலதான் நெறைய பேர் கோட்ட விடறாங்க. வைவாக்ஸ் கல்லீரலுக்குப் போறப்ப எல்லாமே பெருகாது, சிலது அங்கயே சுருண்டு படுத்து தூங்கிடும். திங்காது, பெருகாது, வாடையே விடாது, தெரு நாய் எதிர்லயே உக்காந்திருந்தாலும் கண்டுக்காது. சில வாரமோ சில மாசமோ கழிச்சு எழுந்து ரத்தத்துல எறங்கும், கொசுவே கடிக்காம மறுபடி மலேரியா. உங்க உடம்பால இத ஒண்ணும் பண்ண முடியாது, குளோரோகுயினாலயும் முடியாது. அதுக்குத்தான் பிரைமாகுயின் 14 நாள் குடுக்கறாங்க. மூணாவது நாளே காய்ச்சல் போயிடும், உடம்பு பழைய மாதிரி ஆயிடும், மிச்ச 11 நாளுக்கு எதுக்கு மாத்திரைன்னு தோணும், தோணத்தான் செய்யும்.

அந்த மாத்திரைக்கு முன்னாடி ஜி6பிடின்னு ஒரு டெஸ்ட் கேளுங்க, சிவப்பணுவ காப்பாத்தற ஒரு நொதியோட பேரு அது. அது பொறவியிலயே கொறைவா இருக்குறவங்களுக்கு பிரைமாகுயின் சிவப்பணுவ ஒடைச்சிடும். கர்ப்பமா இருக்குறவங்களுக்கும் கைக்குழந்தைக்கும் இத குடுக்க மாட்டாங்க, பழைய சீட்ட வெச்சு நீங்களா வாங்கிப் போட்டுடாதீங்க. வயித்துக்கு சாப்ட்டுட்டுப் போடுங்க. ஒண்ணுக்கு கட்டங்காப்பி கலர்ல போனா அன்னிக்கே நிறுத்திட்டு டாக்டர்கிட்ட ஓடுங்க.

கொசு பத்தி ரெண்டு வரி போதும், எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். அனாபிலிஸ் செவுத்துல உக்காந்தா பின்பக்கத்த தூக்கிகிட்டு சாஞ்சு நிக்கும், டவுன்ல அது முட்டை போடற எடம் சாக்கடை இல்ல, மாடில மூடி ஒடைஞ்ச டேங்க், கெணறு, புதுசா கட்டற வீட்டுல தேக்கி வெச்ச தண்ணி. முட்டையில இருந்து கொசுவாவ ஒரு வாரம் பத்து நாள், அதனால வாரத்துல ஒரு நாள் கொட்டிக் கவுத்தா போதும். பாண்டில 1975ல இருந்து வி.சி.ஆர்.சின்னு கொசு ஆராய்ச்சி நிலையமே இருக்கு, கொசுப்புழுவ மட்டும் கொல்ற பாக்டீரியா ரகம் ஒண்ண அவங்களே எடுத்துக் குடுத்திருக்காங்க. இன்னொரு கூத்து, கொசுவுக்கும் தெரு நாய் உண்டு, அது வயித்துல போற மலேரியா கிருமில பெரும்பாலானத அதோட எதிர்ப்பு சக்தியே கொன்னுடும். தப்பிச்ச ஒண்ணு ரெண்டுதான் நமக்கு வருது.

மாப்ளைக்கு ஜூன் 10 மாத்திரை ஆரம்பிச்சாங்க, ஜி6பிடி நார்மல். 14 ராத்திரி நம்ம தடைக்காலம் முடியுது, 15 விடியக்காலை போட்டு எறக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கறாரு. "ஒண்ணுக்கு கலர் மாறினா நடுக்கடல்ல யார காட்டுவீங்க மாப்ள, ஒரு வாரம் கரையில இருங்க" ன்னேன், மூஞ்சிய தூக்கி வெச்சுகிட்டு இருந்துட்டாரு. 17ஆம் தேதி கெளம்பினப்ப மிச்சம் இருந்த மாத்திரை அட்டைய பிளாஸ்டிக் கவர்ல போட்டு, வெத்தலைப் பொட்டி மூடிக்கு உள்பக்கம் டேப் போட்டு ஒட்டி விட்டுட்டேன். வெத்தல போடாம அவரால இருக்க முடியாது. 23 சாயங்காலம் வந்து வெறும் அட்டைய என் டேபிள்ல போட்டுட்டு, தானாவே விரல நீட்டினாரு.